அக்கா வேகவைத்த ஸ்பாஞ்ச்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷ வேலை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றிக் கிருமி நீக்கிக் கொடுக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். சூடு சரியாகப் பட்டால்தான் அதில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத பொட்டலத்தைப் பெரிய டாக்டரே வந்து கெஞ்சினாலும் கொடுக்க மாட்டாள். குணமும் அப்படித்தான். அவளுக்குக் 'கொதிதண்ணி' என்று பெயர் வைத்தவள் நான். நேரில் அப்படிக் கூப்பிடும் தைரியம் இன்னும் வரவில்லை.

அப்படிப்பட்டவள் இரண்டு வருஷம் முன்பு ஒரு மீன் தொட்டி வாங்கினாள். அடியில் மண், அதில் அடர்த்தியாகப் பச்சைச் செடிகள், நடுவே பத்தொன்பது நியான் மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை நீளம். வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவாள். அந்த அரை மணி நேரம் யாரையும் திட்ட மாட்டாள். பஸ் டிரைவரான மாமா, அதாவது அவள் புருஷன், மீன்களின் ஆயுளுக்கு வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

இந்த வருஷம் தொட்டிக்கு ஏதாவது நல்லதாகச் செய்ய வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. இலைகள் ஓரத்தில் மஞ்சளித்திருந்தன, தண்ணீரும் கொஞ்சம் மங்கல். மீன் கடைக்காரர் மூன்று வழி சொன்னார்: வெளிச்சம் கூடின லைட், செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டும் கேஸ் சிலிண்டர், தொட்டிக்கு வெளியே வாளி மாதிரி நிற்கும் பெரிய ஃபில்டர். கட்டுப்படியாவது ஒன்றுதான். ஒரு மாதம் யோசித்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. லைட்டை மட்டும் கூட்டினால் பாசி படரும், கேஸ் அளவு தப்பினால் மீன் மூச்சடைத்துப் போகும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, "சுத்தம்தான் முதல்ல" என்று ஃபில்டரை எடுத்தாள். சரியான முடிவு. அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். "பழைய ஃபில்டர்ல இருக்கற ஸ்பாஞ்சக் கழுவாம எடுத்து புதுசுக்குள்ள வெச்சிடுங்கம்மா."

அக்கா கேட்டுக்கொண்டாள். ஆனால் பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று நாறும் ஒரு பொருளைப் பளபளக்கும் புதுப் பெட்டிக்குள் வைக்க அவள் கை எப்படி வரும்? பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஸ்பாஞ்சை இருபது நிமிஷம் வேகவைத்தாள். பிழிந்துவிட்டு இன்னொரு முறை வேகவைத்தாள். மண்மேல் படிந்திருந்த கசடையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். இதெல்லாம் புதன்கிழமை நடந்தது.

ஞாயிறு காலை எனக்குப் போன் வந்தது. "உடனே வா." போனபோது மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு செத்திருந்தன. அக்கா சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக இருந்தது. பச்சை என்றால் விஷம். கடைக்காரரைப் போனில் பிடித்தோம்.

"ஸ்பாஞ்ச வேக வெச்சீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "அம்மா, அந்த அழுக்குலதான் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு. மீன் கழிவுலருந்து வர்ற விஷத்த அதுதான் தின்னுது. அத நீங்க சமைச்சிட்டீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

"இப்ப என்ன பண்றது?"

"பாதித் தண்ணிய மாத்துங்க, கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா வேற ஒரு பழைய தொட்டியோட அழுக்கு ஸ்பாஞ்ச் வேணும். என் கடைத் தொட்டியில இப்ப வெள்ளைப்புள்ளி நோய், குடுத்தா இருக்கறதும் போயிடும். தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேளுங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே கஷ்டம்."

தெரிந்தவர் இருந்தார். மாமாவின் தங்கை வீட்டில் எட்டு வருஷமாக ஒரு தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அது அக்கா, மாமா, நான் மூன்று பேருக்குமே தெரியும். மூன்று பேரும் தொட்டியையே பார்த்தோம்.

நான்கு வருஷம் முன்பு அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு நாய், மூன்று பிள்ளைகள் இருக்கும் வீடு, எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா டம்ளரை வாங்கி, எழுந்து போய், சோப்புப் போட்டுக் கழுவி, தானே தண்ணீர் பிடித்துக் குடித்தாள். நாத்தனாரின் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நாத்தனார் தன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பாதித் தண்ணீரை மாற்றினோம். பதினோரு மணிக்கு மறுபடி சோதித்தோம், பச்சை கொஞ்சம்தான் வெளுத்திருந்தது. மூன்றாவது மீன் மல்லாந்தது. அக்கா அதைக் கரண்டியால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அழுது நான் பார்த்தது எங்கள் அப்பா போனபோதுதான். இப்போது இரண்டாவது முறை பார்த்தேன்.

டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமா மெல்ல, "லீவு சொல்லிட்டு நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார்.

"நான் பண்ணினதுக்கு நீங்க எதுக்குப் போகணும்?" என்று போனை எடுத்தாள்.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நாத்தனாரின் குரல் நிதானமாக வந்தது. "தரேன் அண்ணி. அண்ணன்கிட்ட குடுத்து அனுப்ப மாட்டேன். நீங்களே வாங்க."

நானும் அக்காவும் கிளம்பினோம். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாத்தனார் குளியலறைத் தரையில் ஃபில்டரைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். "கையை விட்டு எடுங்க" என்றாள். அக்கா வெறுங்கையை விட்டாள். முழங்கை வரை பழுப்புச் சகதி வழிந்தது. முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாத்தனார் கத்தரிக்கோலால் ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டி, "பாதிதான். முழுசும் குடுத்தா என் மீன் போயிடும்" என்று ஒரு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினாள்.

கூடத்தில் நாத்தனாரின் மாமியார் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் எதிரில் நின்று, "அன்னிக்கு உங்க முன்னாடி நான் அவள அவமானப்படுத்திட்டேன். தப்பு என்னோடது. அதையும் உங்க முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள்.

"காது மந்தம்னு சொல்வாங்க எனக்கு. இது நல்லாவே கேட்டுச்சு" என்றார் அந்த அம்மாள்.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாசல் வரை வந்த நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மீனுக்காக வந்தீங்க அண்ணி. சந்தோஷம். போன வருஷம் எனக்கு வயித்துல ஆபரேஷன். உங்க ஆஸ்பத்திரியிலதான். ஆறு நாள் படுத்திருந்தேன். அப்ப வரல."

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அதை விட்டால் அடுத்தது முக்கால் மணி கழித்துத்தான். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நிறுத்தத்தில் மூச்சு வாங்க அக்கா சொன்னாள். "அவ ஆபரேஷனுக்குப் போன கத்தி, கத்தரி செட்ட நான்தான் கட்டினேன்டி. லிஸ்ட்ல பேரப் பார்த்தேன். ஒரு தடவை மெஷின்ல போட்டா போதும், நான் ரெண்டு தடவை போட்டேன். கோடு விழுந்துச்சான்னு ஒவ்வொண்ணா பார்த்தேன். அவ படுத்திருந்த மாடி வார்டுக்கு மட்டும் போகல."

பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன். அக்கா ஏறவில்லை. அந்தப் பையை என் கையில் திணித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் வேலையை அடுத்தவர் கையில் கொடுக்காதவள்.

"நீ போய் வெச்சிடு. அந்தத் தண்ணியோடயே வெச்சிடு. கழுவிடாத."

"அக்கா, மீன்..."

"போடி" என்று திரும்பி நடந்தாள். பஸ் கிளம்பியபோது நடை ஓட்டமாகியிருந்தது.

சொன்னபடியே செய்தேன். தெளிந்த தொட்டி ஒரு நொடியில் சேறாகக் கலங்கியது. இன்னொரு வாளித் தண்ணீர் மாற்றினேன். மூன்று மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு போயின. அதன் பிறகு ஒன்றும் போகவில்லை. ஏழு மணி வாக்கில் மிச்சமிருந்தவை மேல்மட்டத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிகளுக்குள் இறங்கின.

எட்டு மணிக்கு அக்காவின் போன்.

"எத்தன இருக்கு?"

"பதினாலு."

"சரி" என்றாள். பின்னால் ஒரு நாய் குரைத்தது. "அவ தையல் போட்ட இடத்தக் காட்டினா. நல்லா ஆறியிருக்கு. நீ சாப்பிட்டுப் படு, நான் காலையில வரேன்."