ஒரு நெடில், இரண்டு குறில்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் முட்டை லாரியில் வந்தது. பெங்களூரில் முட்டையை இறக்கிவிட்டு நாமக்கல் திரும்பிய லாரியில், காலி முட்டை அட்டைகளை மெத்தை போல அடுக்கி, அதன் நடுவே பாகங்களை வைத்து, வழியெல்லாம் ஒரு கையால் அவற்றை அணைத்துப் பிடித்தபடி மாமா வந்து இறங்கினார். எண்பதுகளின் கடைசி. நான் அப்போது ஆறாம் வகுப்பு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேலத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ராசிபுரத்தில் டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, சேந்தமங்கலம் சாலையில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். பள்ளியின் தாளாளர் மெட்ராஸுக்குப் போன இடத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே பேசுவதில்லை. முழுசாக வாங்க வேண்டியதில்லை, பாகங்களாக வாங்கி நாமே பூட்டிவிடலாம் என்று மாமா சொன்னதை அம்மாதான் அவரிடம் கொண்டு சேர்த்தாள்.

"வேற வேற கம்பெனிச் சாமான ஒன்னாப் பூட்டுனா ஓடுமாப்பா?" என்று தாளாளர் கேட்டார்.

"ஏனுங்க, நம்மூர்ல லாரிக்குப் பாடி கட்டறதில்லீங்களா? சேஸ் ஒரு ஊர்ல இருந்து வருது, பாடி இங்க கட்டறோம். ஓடலீங்களா?" என்றார் மாமா.

தாளாளருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா என்று பத்திரிகை அடித்துப் பெற்றோர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். சேலத்திலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மூன்று மணிக்குள் மாமா எல்லாவற்றையும் பூட்டி முடித்திருந்தார். ஆபீசுக்குப் பக்கத்து அறையில் ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டிருந்தார்கள். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்குப் போவது போல நானும் கையைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு உள்ளே போனேன். பெட்டியின் பின்பக்க வோல்டேஜ் சுவிட்ச் இருநூற்று முப்பதில்தான் இருக்கிறதா என்று மாமா ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

பெட்டிக்குள் விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. நீளமாக ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து குட்டையாக இரண்டு. அவ்வளவுதான். திரை இருட்டாகவே கிடந்தது.

"சூடாகணும்க்கா. நம்ம டிவி மாதிரிதான். வந்துரும் பாருங்க" என்றார் மாமா.

பத்து நிமிடம் சூடாக விட்டோம். வரவில்லை. அணைத்துப் போட்டார். மறுபடி ஒரு நெடில், இரண்டு குறில். தமிழ் வகுப்பில் அப்போதுதான் மாத்திரை படித்துக்கொண்டிருந்த எனக்கு அது அப்படித்தான் கேட்டது. நான் வாய்விட்டுச் சொல்ல, மாமா முறைத்தார். மூடியைத் திறந்தார். ஒவ்வொரு கார்டாகப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினார். மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ராசிபுரத்தில் பாதி டிவிகள் அந்தத் தட்டில் பிழைத்தவை. இதற்கு அது உறைக்கவில்லை.

தாளாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "எப்படிப்பா?"

"கடைசி டெஸ்டிங் போயிட்டிருக்குதுங்க" என்றார் மாமா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். தாளாளர் திருப்தியோடு போனார். அவர் தலை மறைந்ததும் மாமா ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, கார்டு போச்சுன்னு நெனைக்கறேன். மறுக்கா பெங்களூர் போயி வர ரெண்டு நாளாகும். உங்க மானமும் போச்சு."

அம்மா, முட்டை அட்டைகளுக்கு நடுவே கிடந்த மெல்லிய புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையோடு வந்தது அது. மொழிபெயர்த்தவர் யாரோ, ஆங்கிலமும் ஒழுங்காக இல்லை. ஆனால் அம்மா படித்தது வாக்கியங்களை அல்ல, கட்டங்களை. கணக்கு நோட்டைத் திருத்துகிற அதே முகத்தோடு, சிவப்பு மைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போனாள்.

"ஒன்னு நீளம், ரெண்டு குட்டைன்னா படம் காட்டற கார்டுல தகராறுன்னு போட்டிருக்குது. கார்டு போச்சுன்னு போடலடா. இந்தப் பலகையில சின்னச் சின்னதா எட்டு சுவிட்ச் எங்க இருக்குது?"

மாமா டார்ச் அடித்தார். பலகையின் ஓரத்தில் ஒரு நீலத் துண்டு. அரிசியளவு வெள்ளைச் சுவிட்சுகள் எட்டு, வரிசையாக.

"நீ வாங்குனது கலர் கார்டா, கறுப்பு வெள்ளையா?"

"கறுப்பு வெள்ளைதான். மானிட்டரும் அதேதான்."

"பலகையில கலருன்னு வெச்சிருக்குது பாரு. அது கலர் கார்டத் தேடிக்கிட்டுக் கெடக்குது. அஞ்சாவதையும் ஆறாவதையும் ரெண்டையுமே ஆஃப்ல தள்ளு."

மாமா சட்டைப்பையிலிருந்த பென்சில் முனையால் தள்ளினார். சுவிட்சைப் போட்டார். இந்த முறை ஒரே ஒரு குறில். திரையில் பச்சை எழுத்துகள் ஓடத் தொடங்கின. மாமா "அக்கோவ்!" என்று கத்தியதில் ஆபீஸ் கிளார்க் ஓடி வந்தார்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். எழுத்துகள் ஓடி நின்றன. மாமா எந்தக் கட்டையை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று மாமா மறுபடி தொடங்கினார். அம்மா சிரித்தாள்.

"ஒன்னும் சாகல. இந்தச் சாமானையெல்லாம் ரெண்டு ஊட்டுக்கும் வாக்கப்படற மாதிரி பண்ணியிருக்கறாங்க. எந்த ஊடுன்னு நாமதான் சொல்லணும். இதுலயும் ஒரு சுவிட்ச் இருக்கும், தேடு."

கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்தார் மாமா. அடியில், ஒட்டியிருந்த காகிதத்துக்குப் பக்கத்தில், நகம் நுழைகிற அளவு ஒரு பள்ளம். அதற்குள் ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் பழைய மாடலுக்கு, அந்தப் பக்கம் புதிய மாடலுக்கு. எங்களுடையது பழைய மாடல். தள்ளியதும் கீபோர்டு வேலை செய்தது. வெயில் இறங்கிக் கொல்லிமலை நீலமாகியிருந்தபோது, மாமா என் பெயரைத் திரையில் அடித்துக் காட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, திருத்தாத நோட்டு இன்னும் நாற்பது கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் விழா. அதிகாரி ஒரு கட்டையை அழுத்த, திரையில் பள்ளியின் பெயர் எழுந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. கிளார்க் சொல்லியிருப்பார் போல, தாளாளர் மாமாவின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து, நேத்து சாயந்திரம் வரைக்கும் தகராறு பண்ணிய மெஷினை இந்தப் பையன்தான் வழிக்குக் கொண்டுவந்தான் என்றார். மாமா, "இல்லீங்க, அது வந்து..." என்று இழுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மாமா நிறுத்திக்கொண்டார்.

என்னால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றேன். "எங்கம்மாதாங்க சரி பண்ணுனாங்க!"

கூட்டம் சிரித்தது. அதிகாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா டீச்சர்?" என்றார் தாளாளர்.

"பொஸ்தகத்தப் படிச்சுக் காட்டுனேனுங்க. எனக்கு இதுல என்னங்க தெரியும்?" என்றாள் அம்மா, தயக்கமே இல்லாமல். என்னைப் பார்த்து, "உக்காரு கண்ணு" என்றாள்.

நான் பொய் சொன்னவள் போலாகிவிட்டேன். அந்த இடத்திலேயே தாளாளர், வாரத்தில் இரண்டு நாள் மாமாவே வந்து பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார். மாமாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போ என்றாள். சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்பை நோக்கி நடந்தாள். நடக்கும்போது தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். தம்பிக்காகத் தன் பெருமையை விட்டுக்கொடுத்த சோகத்தைச் சிரிப்பால் மறைக்கிறாள் என்று எண்ணி, நான் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

அந்தப் பள்ளியின் நடைமுறை அப்போது எனக்குத் தெரியாது. கிணற்று மோட்டார் நின்றபோது ஒரு நாள் அதை ஓட்டிக் காட்டிய டிராயிங் மாஸ்டர், அதன் பிறகு கையில் ஸ்பேனரோடுதான் அலைந்தார். பிள்ளைகள் படம் வரைந்ததே இல்லை. கையெழுத்து அழகாக இருந்த தமிழ் ஐயா, விடுதி ரிஜிஸ்டர்களை எழுதியே ஓய்வு பெற்றார். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு, அந்த வருடம்தான் அம்மா பத்தாம் வகுப்புக் கணக்கைக் கையில் வாங்கியிருந்தாள். பச்சைத் திரை போட்ட அந்த அறைக்குள் தன்னைப் பூட்டிவிடாமல் தப்பித்து, தன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தியின் சிரிப்பு அது. அதில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை.