மல்லிகைத் தூரில் கிடந்த சுண்ணாம்புக் கட்டி

1. மஞ்சள் இலை

சின்னக்காளை ஒரு கூடை மஞ்சள் இலையைக் கொண்டுவந்து என் காலடியில் கொட்டினார். ஐம்பதுகளின் கடைசி, ஆவணி மாதம். திண்டுக்கல் குப்பையை எல்லாம் பள்ளத்தில் போட்டு எருவாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கும் கம்போஸ்ட் யார்டில் நான் மேஸ்திரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குப்பை வண்டி மாடு ஓட்டி, கூடை சுமந்து, என் கெட்டிக்காரத்தனத்தால் மேஸ்திரி ஆனவன். ஒரு கூடை குப்பையைக் கண்ணில் காட்டினால் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன். புகையிலைக் காம்பு கிடந்தால் சுருட்டு சுற்றுகிற தெரு. இரும்புத் தூள் மினுங்கினால் பூட்டுப் பட்டறைத் தெரு. "எதைப் போட்டாலும் எருவாக்கிருவேன்" என்று டீக்கடையில் சொல்வதும் உண்டு.

"ஏப்பா மேஸ்திரி, எருவா குடுத்த? எமனையில்ல குடுத்திருக்க!" என்றார் சின்னக்காளை. ஊருக்குத் தெற்கே மூன்று மைலில் அரை ஏக்கர் மல்லிகை வைத்திருந்தார். அவர் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் பிழைப்பு.

"தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீக."

"எல்லாத்துக்கும் ஒரே வாய்க்காத் தண்ணி. சாணி எரு போட்ட வரிசை கருகருன்னு நிக்குது. ஒன் எரு போட்ட நாலு வரிசைதான் பழுத்துக் கெடக்கு. வந்து பாரு."

எருவுக்குக் காத்திருந்த இரண்டு வண்டிக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "எருவ யாரும் எடுக்கலேன்னா யார்டு எதுக்குய்யா? மூடிட்டு, குப்பைய ஊருக்கு வெளிய கொட்டச் சொல்லிருவாங்க" என்றார்.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போனேன். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. தூரைக் கிளறினேன். கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளைக் கட்டிகள் கிடந்தன. சுண்ணாம்பு.

"தோல் ஷாப்புக்காரன் வேலைதான்" என்றார் சின்னக்காளை. நானும் அப்படித்தான் நினைத்தேன். தோல் பதனிடுகிற அந்த ஷாப்புகளில் மயிர் எடுக்கச் சுண்ணாம்புக் குழியில்தானே தோலை ஊறப்போடுகிறார்கள்.

2. காதர் பாய் கேட்ட கேள்வி

மறுநாள் கட்டிகளைத் துண்டில் முடிந்துகொண்டு, தோல் ஷாப்புகள் இருக்கிற பேகம்பூர் போனேன். காதர் பாய் அங்கே ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்துவந்தார். எனக்குப் பழக்கம்.

"ஒங்காளுக சுண்ணாம்பு எங்க குப்பையில கலந்து ஒரு தோட்டத்தையே கெடுத்திருச்சு பாய்."

அவர் ஒரு கட்டியை எடுத்து நகத்தால் சுரண்டினார். "இதுல மயிரு எங்கண்ணே?"

"என்னது?"

"எங்க குழியில அள்ளுன சுண்ணாம்புல ஆட்டு மயிரு இல்லாம ஒரு கட்டி காட்டுங்க. நாளைக்கே இந்த வேலைய விட்டுர்றேன்."

இன்னொரு கட்டியைக் கல்லில் வைத்துத் தட்டினார். இரண்டாகப் பிளந்தது. உடைந்த பக்கத்தில் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகக் கோடுகள்: வெள்ளை, இளநீலம், வெள்ளை, காவி.

"வீட்டுச் சுவருண்ணே இது. பொங்கலுக்குப் பொங்கல் அடிச்சதெல்லாம் வரிசையா இருக்கு பாருங்க."

எனக்கு உடனே பொறி தட்டியது. யார்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முளைக்குச்சி அடித்து, எழுத்துக்குப் பதில் படம் கீறி வைப்பேன். சின்னக்காளை எரு எடுத்த பள்ளத்தில் கரும்புப் படம். பொங்கலுக்கு ஊரே சுவரைச் சுரண்டிக் கொட்டிய சுண்ணாம்பு முழுக்க அந்த ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறது! எல்லாக் கட்டிகளையும் உடைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீடு. கடைசிக் கட்டியில் இரண்டு வெள்ளைக்கு நடுவில் கிளிப்பச்சை.

"யா அல்லா, இந்தக் கலர எந்த மகராசன் அடிச்சான்?" என்று சிரித்தார் காதர் பாய்.

நான் சிரிக்கவில்லை. மேஸ்திரி ஆன வருசம், ஊரில் யார் வீட்டிலும் இல்லாத கலர் வேண்டும் என்று நானே கலக்கி அடித்த பச்சை அது. அடுத்த பொங்கலுக்கே என் வீட்டுக்காரி அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டேன்: "சுவத்துல சுரண்டுன சுண்ணாம்ப எங்க போட்ட?"

"வேற எங்க போடுவாக? ஒங்க வண்டியிலதான். எதப் போட்டாலும் எருவாக்கிருவேன்னு நீங்கதான டீக்கடையில பேசுனீக?"

3. பச்சைக் கட்டி

தோட்டத்துக்குப் போகும் வழியில் அந்தப் பச்சைக் கட்டியைக் கிணற்றில் எறிந்துவிடலாமா என்று நினைத்தது உண்மை. எறிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் வரப்பில் நின்ற சின்னக்காளையின் முகத்தைப் பார்த்ததும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். தோல் ஷாப்பு மேல் தப்பில்லை, ஊர்ச் சுவரும் என் சுவரும்தான் என்று சொன்னேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பச்சையா? ஒன் வீட்டு வழியா போறப்ப பாத்திருக்கேனே. மனுசனுக்கே இதப் பாத்தா மஞ்சக்காமால வரும். செடி பாவம், என்ன செய்யும்?"

மூன்று நாள் நானும் அவரும் தூர் தூராகத் தோண்டி எருவை வெளியே எடுத்தோம். சுண்ணாம்பு செடிக்கு இரும்புச் சத்தை எட்டவிடாது என்று விவசாய ஆபீசர் சொன்னபடி, இரும்பு உப்பான அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தோம். சில தூர் பட்டுப்போனது. மற்றதெல்லாம் பச்சையாகத் துளிர்த்தது.

அந்த மார்கழியில் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் சுண்ணாம்புக்கென்று தனிக் கூடை கட்டினேன். யாரும் மதிக்கவில்லை. "குப்பையப் பிரிச்சு வேற குடுக்கணுமாக்கும்! பெரிய கலெக்டரு உத்தரவு" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினாள். அப்புறம் சின்னக்காளையிடம் பச்சைக் கட்டியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனேன். இது யார் வீட்டுச் சுவர், இது என்ன செய்தது என்று சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் கூடையில் தனியாகப் போட்டார்கள். அந்தச் சுண்ணாம்பை ரோட்டுக் குழிகளில் கொட்டி இடித்தோம். இந்த யோசனையும் என்னுடையதுதான்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: குப்பையில் ஒன்று புதிதாகத் தெரிந்தால் உடைத்துப் பாருங்கள், அப்புறம் ஆள் பெயரைச் சொல்லுங்கள். எதையும் எருவாக்குவேன் என்கிற பேச்சை நான் அன்றோடு விட்டேன். மற்றப் பெருமை எதையும் விடவில்லை.

சின்னக்காளை மறுபடி எருவுக்கு வண்டி கொண்டுவந்தார். பள்ளங்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் சத்தமாகக் கேட்டார்:

"மேஸ்திரி வீட்டுச் சுவரு விழாத பள்ளம் எதுப்பா?"