பல்லக்காவின் பாயின்ட் நாலு

பல் செட் செய்கிற பெண்ணுக்குக் கார் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்காதவர் அவள் தெருவில் இல்லை. அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு லேபில் நாள் முழுக்க யார் யாருக்கோ கடைவாய்ப்பல் செய்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் வேகம் வேண்டாமா? கிளப்பில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. அவளைவிடப் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பந்தயம் என்றதும் கூட்டம், கொடி, புகை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். இது ஆட்டோகிராஸ். விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடம். அதன் தார்த்தரையில் ஆரஞ்சு நிற கோன்களை வளைத்து வளைத்து வைத்து ஒரு பாதை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் ஓடும். ஒரு சுற்று ஐம்பது நொடிக்குள் முடிந்துவிடும். கோனை இடித்தால் இரண்டு நொடி கூடும். ஒருவர் தொடர்ந்து மூன்று சுற்று ஓட்டுவார், அதில் எது நல்ல நேரமோ அதுதான் எடுபடும். வண்டியும் தினசரி வேலைக்குப் போய்வருகிற அதே வண்டிதான். பின் இருக்கையிலிருந்து குடையையும் பையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டால் பந்தயக் கார் தயார்.

அந்தக் காருக்கு ஓட்டுநர்கள் இரண்டு பேர். பல்லக்கா ஒருத்தி, அவள் நாத்தனார் இன்னொருத்தி. நாத்தனார் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளச்சு, கிளச்சு, கிளச்சு!" என்று கத்திக் கத்தி, வீட்டிலும் கிளப்பிலும் அவள் பெயரே கிளச்சு என்றாகிவிட்டது. பதினைந்து வருடமாக வண்டியிலேயே குடியிருக்கிற அவளை, பல் செய்கிறவள் மூன்று வருடமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் பாயின்ட் மூணு, ஒரு வாரம் பாயின்ட் அஞ்சு. சராசரி பார்த்தால் பாயின்ட் நாலு நொடி. கண் சிமிட்டுகிற நேரம்தான், ஆனால் அந்தக் கிளப்பில் கண் சிமிட்டுவதற்குள் நாலு பேர் இடம் மாறிவிடுவார்கள்.

"ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்கிற, சொந்த அண்ணியை ஜெயிக்க முடியலையா?" என்று கிளப் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். கிளச்சும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்து, தண்ணீர் பாட்டிலோடு பல்லக்காவின் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"அண்ணி, நான் எங்க தப்பு பண்றேன்?"

இந்தக் கேள்விக்காகவே பல்லக்கா ஒரு நோட்டு வைத்திருந்தாள். கிளச்சு ஓட்டும்போது கோன் ஓரத்தில் நின்று ஒவ்வொரு வளைவாகக் குறிப்பெடுப்பாள். 'ரொம்ப முன்னாடியே பிரேக் பிடிக்கிறாள். ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்புகிறாள். வளைவு முடியும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடப் பயப்படுகிறாள்.' பக்கம் பக்கமாக இதுதான்.

"வண்டி நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது அண்ணி" என்பாள் கிளச்சு.

"வண்டி கேக்கும்மா. நீ கேக்க வைக்கிற விதம்தான் சரியில்லை" என்பாள் பல்லக்கா. சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும். அதை மறைப்பானேன்? பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் ஆறுதல் பரிசுகூட வாங்காதவள் அவள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் நாலு பேர் பார்க்கிறபடி கெட்டிக்காரியாக இருந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். மூன்று வருடமாக அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே தீர்ப்பு, "ரெண்டு பேருமே நல்லா ஓட்டினீங்க." சொல்லிவிட்டு டீ வாங்கி வருகிற சாக்கில் நழுவிவிடுவார்.

அந்த வருடம் ஒரு புதுச் சேதி வந்தது. ஆறு கிளப்புகள் சேர்ந்து ஒரு போட்டி நடத்தப்போகின்றன. சின்னக் கார் பிரிவுக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒரே ஆள்தான், ஒரு வண்டிக்கு ஒரே ஓட்டுநர்தான். பெயர் கொடுக்க இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருந்தன. பல்லக்காதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள், பல்லக்காவும்தான்.

முதல் ஞாயிறு காலை லிஃப்ட் மெக்கானிக்குக் காய்ச்சல். வழக்கமாக அவர்தான் கிளச்சு ஓட்டுவதற்கு முன் சக்கரம், நட்டு எல்லாம் பார்ப்பார். அன்று அந்த வேலை பல்லக்கா தலையில் விழுந்தது. செய்கிறதைச் சரியாகச் செய்வோம் என்று, தன் முறைக்கு முன்னால் எப்போதும் போடுகிற சாக்பீஸ் கோட்டை அன்று கிளச்சின் முறைக்கு முன்னாலும் போட்டாள். டயர் தரையைத் தொடுகிற விளிம்பில் குறுக்காக ஒரு கோடு. வளைவில் டயர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு சாக்பீஸ் அழியும். விளிம்பில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும்; அழிவது அதோடு நின்றால் காற்று சரி, அதைத் தாண்டினால் காற்று போதாது. லேபிலும் இதே கதைதான். புதுப் பல்லைக் கடிக்கிறவர் வாயில் நீலத்தாளை வைத்தால் எது இடிக்கிறதென்று மை காட்டிவிடும். கிளப்புக்கு வந்த புதிதில் இந்த சாக்பீஸைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த விளையாட்டே பிடித்துப்போனது.

கோடு போடும்போது உள்ளங்கை டயரில் பட்டது. சில்லென்று கல் மாதிரி இருந்தது.

கிளச்சு மூன்று சுற்றை முடித்துக்கொண்டு இறங்கினாள். ஞாயிறு பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு வகுப்பு உண்டு, அதனால் முதல் நாளிலிருந்தே அவள்தான் முதலில் ஓட்டுவாள். பல்லக்கா குனிந்து பார்த்தாள். சாக்பீஸ் முக்கோணத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. கையை வைத்தாள். டயர் டீ டம்ளர் மாதிரி சுட்டது.

காற்று அளவுமானியை வைத்துப் பார்த்தாள்: முப்பத்தைந்து பவுண்டு. நோட்டில் எழுதியிருக்கும் அளவு முப்பத்தாறு. ஒவ்வொரு வாரமும் தன் முறைக்கு முன்னால் காற்றைப் பார்த்து முப்பத்தாறில் நிறுத்துவது அவள் வழக்கம். அன்றும் பழக்கதோஷத்தில் பம்பை எடுத்து ஏற்றினாள். ஏற்றும்போதே அந்த 'உஸ்' சத்தத்தில் ஒரு கேள்வி வந்தது. சூட்டில் முப்பத்தாறாக நிறுத்தினால் ஆறின பிறகு எவ்வளவு இருக்கும்? அடுத்த வாரம் கிளச்சு ஏறும்போது எவ்வளவு?

அன்றும் அவள்தான் ஜெயித்தாள். சரியாகப் பாயின்ட் நாலு. கைதட்டியவர்களைப் பார்த்து அரைகுறையாகச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நன்றாக ஆறட்டும் என்று மாலைவரை பொறுத்திருந்து டயரில் அளவுமானியை வைத்தாள். முப்பத்திரண்டு காட்டியது. பக்கத்துச் சுவரில் அவள் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'காற்று சரியாக இருக்கிறது. யாரும் கை வைக்க வேண்டாம்.'

மூன்று வருடம். ஒவ்வொரு ஞாயிறும் சூடு ஏறாத, காற்றுப் போதாத டயரில் கிளச்சு போய்விட்டு வருவாள். அவள் சூடேற்றிக் கொடுத்த டயரைத் தனக்கு ஏற்றபடி சரிசெய்துகொண்டு இவள் போவாள். லேபில் சேர்ந்த முதல் நாள் பெரிய டெக்னீஷியன் சொன்னது நினைவுக்கு வந்தது: பல் பொருந்தலைன்னா முதல்ல வாயைக் குறை சொல்லாதே, உன் வேலையைப் பாரு. பல் விஷயத்தில் இருபது வருடமாக அதை மறக்காதவள், கார் விஷயத்தில் மூன்று வருடமாக வாயையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி, அப்படியானால் அந்தப் பாயின்ட் நாலு யாருடையது? தன் கையுடையதா, டயருடையதா? வாரம் முழுக்க இந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது. ஒரு மேல்வரிசை செட்டில் கோரைப்பல்லை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டு, அதையே பத்து நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போட்டிக்கு அவள்தான் போவாள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்கே தெரியாதே! அதுதான் தாங்கவில்லை. சனிக்கிழமை மதியம் கார் பக்கத்தில் பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இரண்டு நிமிட வேலை. நாலு நடை சுற்றிவந்தாள். கிளச்சுக்குக் கிடைத்த டயரிலேயே தானும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று, அதைத் தொடாமல் உள்ளே போனாள்.

ஞாயிறு காலை, "இன்னைக்கு நான் முதல்ல போறேன்" என்றாள்.

"ஏன் அண்ணி, ஏதாவது அவசர வேலையா?" கிளச்சு கேட்டாள்.

"ஆமா."

முதல் சுற்றில் முதல் வளைவு. எப்போதும் பிடிக்கிற இடத்தில் பிரேக்கைப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். முன்சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. அது பாட்டுக்கு நேராகப் போய் இரண்டு கோன்களைத் தள்ளிவிட்டு நின்றது. அவளுக்குக் காது சூடாகிப் போனது. வண்டி கேக்க மாட்டேங்குது அண்ணி. எத்தனை தடவை சொல்லியிருப்பாள் அந்தப் பெண்!

இரண்டாவது சுற்றில் கோனை இடிக்கவில்லை, ஆனால் மெதுவாகப் போனது. மூன்றாவதற்கு முன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள். இந்த டயரை வைத்துக்கொண்டு வாராவாரம் ஒருத்தி ஒழுங்காக ஓட்டியிருக்கிறாளே, எப்படி? நோட்டில் தானே எழுதியது ஞாபகம் வந்தது. முன்னாடியே பிரேக். ஸ்டீயரிங் மெதுவாக. வளைவு முடிந்த பிறகுதான் ஆக்சிலரேட்டர். தப்பு என்று எழுதிவைத்ததை அப்படியே ஒவ்வொன்றாகச் செய்தாள். வண்டி கேட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இறங்கியதும் சூடான டயரில் காற்றை முப்பத்தாறில் நிறுத்தி, சாவியைக் கிளச்சின் கையில் கொடுத்தாள். அன்று முதல்முறையாகக் கோன் ஓரத்துக்குப் போகவில்லை. நேரம் எழுதுகிற பலகை முன்னால் போய் நின்றாள்.

கிளச்சு பாயின்ட் எட்டு நொடியில் ஜெயித்தாள்.

கணக்கு ரொம்பச் சின்னது. சூட்டு டயர் பாயின்ட் ஆறு கொடுக்கிறது. கிளச்சு இவளைவிடப் பாயின்ட் ரெண்டு வேகமானவள். அந்த ரெண்டைக் கழித்த பிறகும் மிச்சமிருந்த டயருடைய பாயின்ட் நாலைத்தான் இவள் மூன்று வருடமாகத் தன் திறமை என்று நினைத்து நடமாடியிருக்கிறாள். நோட்டில் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். அதுவே வந்தது.

கிளப் செயலாளர் மேஜையில் படிவத்தை விரித்துவைத்திருந்தார். "ஒரு நாள் எல்லாருக்கும் சறுக்கும் பல்லக்கா, அதெல்லாம் ஒரு கணக்கா? உங்க பேரை எழுதிடறேன்."

"எழுதாதீங்க சார்." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காற்று, சூடு, சுவரில் ஒட்டிய சீட்டு, ஒன்றையும் விடவில்லை. "அந்தப் போட்டியில ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான். டயரைச் சூடாக்கிக் குடுக்க யாரும் கிடையாது. ஆறின டயர்ல ஓட்டத் தெரிஞ்ச ஆளு இங்க இவ ஒருத்திதான். இவ பேரை எழுதுங்க."

பக்கத்தில் கிளச்சு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"மூணு வருஷம் அண்ணி" என்றாள். "மூணு வருஷமா எனக்கு ஓட்டவே வரலைன்னு நினைச்சிட்டிருந்தேன். நமக்கே தெரியாததை இந்தப் பிள்ளைங்களுக்கு என்னத்த கத்துக்குடுக்கறோம்னு ஸ்கூலை விட்டுடலாமான்னுகூட யோசிச்சேன்."

லிஃப்ட் மெக்கானிக் டீ வாங்கக் கிளம்பினார். "நில்லுங்க" என்றாள் பல்லக்கா. நின்றார்.

"எனக்கு அது தெரியாதும்மா. ஆனா டயரைத் தொட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். உன்னையே பார்த்துட்டிருந்தேன், டயரைத் தொட்டுப் பார்க்கலை. தப்பு என்னுதுதான்."

கிளச்சு மூக்கை உறிஞ்சினாள். படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பதினொரு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கிளம்பவில்லை. தண்ணீர் பாட்டிலோடு பல்லக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, மூன்று வருடப் பழக்கம் வாயில் தானாக வந்துவிட்டது.

"இன்னைக்கு நான் எங்க தப்பு பண்ணேன் அண்ணி?"

பல்லக்கா நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"தெரியலம்மா. நீ எப்படி ஓட்டினேன்னு சொல்லு, எழுதிக்கிறேன்."