அடுப்புக்குழாயும் ஒரு ஆனாவும்

புகைக்குழாய் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. பர்மாவின் லைங் தாயாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், இஸ்திரிக்கு நீராவி கொடுக்கும் பாய்லரின் குழாய்களில் கம்பி பிரஷ் விட்டுப் புகைக்கரியை இழுத்துப் போடுவேன். கொஞ்சம் கரி சேர்ந்தாலும் மேலாளர் கத்துவார். மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டிலும் ஓர் அடுப்புக்குழாய் இருந்தது. அதை நான் இரண்டு வருடம் தொடவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அது மரத்தூள் அடுப்பு. மின்சாரத்தை நம்பி உலை வைக்க முடியாத தொண்ணூறுகளின் கடைசி. தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக அடைத்து, பாட்டிலை மெல்ல உருவினால் நடுவில் துளை நிற்கும். கீழே பற்றவைத்தால் நின்று எரியும். சாம்பலை வாருவது, டின்னைத் துடைப்பது, மறுபடி அடைப்பது எல்லாம் என் மனைவி. கூரைக்கு மேலே போகும் குழாய் மட்டும் அவளுக்கு எட்டாது. அதைக் கழற்ற ஏணியும் ஆளும் வேண்டும். ஆள் நான்தான்.

"என்னங்க, குழாய் அடைச்சிருக்கு போல. புகை உள்ளயே சுத்துது. ஆனா..." என்று நிறுத்துவாள்.

அந்த ஆனா எனக்கு எரிச்சல். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "ஆனாவிலேயே நிக்கிறியே, ஆவன்னா எப்போ?" என்று கேலி செய்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். அவளும் சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பேன். ஞாயிறுகள் வந்து போயின.

ஒரு மழைக்காலத்தில் இருமல் முற்றிப்போக, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரல் மோசமாகிவிட்டது என்றார் டாக்டர். அவளுக்குக் கஞ்சி வைக்க, மறுநாள் முதல் முறையாக நானே அந்த அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசி கொதிப்பதற்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடி வந்து குத்தவைத்து இருமினேன். இதில்தான் அவள் தினமும் நின்றிருக்கிறாள்.

பாய்லர் பிரஷ் வீட்டிலேயே, கட்டிலுக்கு அடியில் என் பையில் கிடந்தது. அடுப்பை அவித்து, குழாய் ஆறியதும் கழற்றித் தேய்த்தேன். கரி கட்டி கட்டியாக விழுந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எதிர்வீட்டுப் பர்மியப் பெண் தன் அடுப்பில் கஞ்சியை முடித்துக் கொண்டுவந்தாள். "உங்ககிட்ட கேளுன்னு எத்தனையோ தடவை சொன்னேன்," என்றாள் பர்மிய மொழியில். "நாள் முழுக்க இதே கரியில கிடந்துட்டு வர்ற மனுஷன்கிட்ட எப்படிக் கேக்கறது, ஆனாதேன்னு சொல்லுவா உங்க பொண்டாட்டி."

ஆனாதே. பிறரைச் சிரமப்படுத்துகிறோமே என்று மனம் கூசும்போது பர்மியர் சொல்வது. எங்கள் தமிழில் அது வெறும் 'ஆனா' என்று புழங்கும். விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்கத் தயங்கும்போது வரும் சொல். கட்டிய புருஷனிடம் யார் சொல்வார்கள்? அதனால்தான் என் காதில் அது ஏறவில்லை; வெறும் 'ஆனால்' என்றே விழுந்தது. அவள் பேச்சைப் பாதியில் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் முடித்துத்தான் இருக்கிறாள்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கஞ்சியோடு ஓடினேன். "குழாயைச் சுத்தம் பண்ணிட்டேன். இனிமே புகை வராது," என்றேன்.

என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கரி. "எனக்காக லீவு போட்டீங்களா? ஆனா..." என்றாள்.

"என்கிட்ட என்ன ஆனா," என்றேன். அழுதுவிட்டேன்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள், வந்தவர்களுக்கு டீ போட எதிர்வீட்டுப் பெண்தான் எங்கள் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, புகையே இல்லை என்று என்னிடம் சொன்னாள்.