செல்லியம்மாள் பயிற்சி கொடுத்த எட்டுப் பேர்

செல்லியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை வேகமாகும். 1984 மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சேலத்துக்கு வெளியே இருந்த ஒரு மகளிர் கல்லூரி விடுதியின் நோயாளி அறையில் அவள் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு ஷஹர்பானு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"சிஸ்டர், கண்ணாத்தாள அவங்க அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு. டிரங்குப் பெட்டியோட."

"பரீட்சைக்கு மூணு வாரந்தானே இருக்குது? எதுக்குக் கூட்டிட்டுப் போனாரு?"

"வார்டன் மேடம் லெட்டர் போட்டிருக்காங்க. வலிப்பு விஷயத்த எழுதி."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

ஷஹர்பானு தரையைப் பார்த்தாள். "யாரும் சொல்லல சிஸ்டர். என் நோட்டுல படிச்சிருக்காங்க."

செல்லியம்மாள் அடுப்பை அணைத்தாள். இடுக்கியைத் தட்டில் போட்ட வேகத்தில் தட்டு கீழே விழுந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை.

அந்த நோட்டு அவளே கொடுத்தது.

அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. புருஷன் லாரி கவிழ்ந்து இறந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. மாமியார் வீட்டில் மூலையில் உட்காரச் சொன்னார்கள். அவள் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்ற பிறகு இந்த விடுதிக்கு வந்தாள். வந்த மறுவாரமே ஒன்று புரிந்தது. இங்கே பெண்கள் தலைவலி என்று வருவார்கள், மாத்திரை வாங்கிக்கொள்வார்கள், உண்மையான வியாதியைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லி அழுவார்கள். அந்தக் கட்டில்காரிக்கு ஒன்றும் தெரியாது. ஒருத்திக்கு வலிப்பு வந்தபோது ஆறு பேர் கூடிக் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாய்க்குள் கரண்டியை நுழைத்துப் பல்லை உடைத்து அனுப்பினார்கள்.

"கட்டில்காரிக்குச் சொல்லிக் கொடுத்தா என்ன?" என்று பிரின்சிபாலிடம் கேட்டாள். ஆறு வருடம் கேட்டாள். பல்கலைக்கழகத்திலிருந்து மாணவியர் நலன் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்த பிறகுதான் சரி என்றார்கள்.

எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தாள். கெட்டிக்காரிகளை அல்ல, தண்ணீர்க் குழாயடியில் மற்றவர்கள் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்று ஒரு மாதம் பார்த்து, அவர்களை எடுத்தாள். சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம். வலிப்பு வந்தவளை ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே. அழுகிறவளை அழாதே என்று சொல்லாதே. புத்தி சொல்லாதே. கேட்டதை வெளியே விடாதே. உன்னால் முடியாததை என்னிடம் கொண்டுவா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரிப் பழக்கம் விடவில்லை. வார்டில் எழுதாத வேலை செய்யாத வேலை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, பெயர், அறை எண், என்ன கஷ்டம், என்ன செய்தாய் என்று கோடு போட்டு எழுத வைத்தாள். பிள்ளைகள் முத்து முத்தாக எழுதினார்கள். வார்டன் போன புதன்கிழமை 'மேற்பார்வை' என்று எட்டு நோட்டையும் வாங்கிப்போனபோது, செல்லியம்மாள் ஊரில் இல்லை; ஞாயிறு இரவுதான் திரும்பினாள்.

அவள் நேரே வார்டன் அறைக்குப் போனாள்.

"பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா சிஸ்டர்?" என்றார் வார்டன். "நாளைக்குத் தண்ணித் தொட்டியில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"ஏழு மாசமா அந்தப் புள்ளைக்கு வலிப்பே வரலைங்க மேடம். ஏன்னு தெரியுமுங்களா? மொதல்ல மாத்திரையப் பவுடர் டப்பாவுல ஒளிச்சு வெச்சிருந்தா. நீங்க பெட்டி சோதனை போடறீங்கன்னு பயந்துக்கிட்டுப் பாதி நாள் போடவே இல்ல. ஷஹர்பானுதான் பேசிப் பேசி எங்கிட்டக் கூட்டியாந்தா. சத்து மாத்திரை வரிசையில நிறுத்தித் தெனமும் நானே குடுக்கறேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்பவே லெட்டர் போட்டிருப்பீங்க."

வார்டன் முகம் சிவந்தது. "நோட்டெல்லாம் காலேஜ் சொத்து."

"சீக்காளியோட கேஸ் ஷீட்டு சிக்ரூமோட சொத்துங்க" என்று சொல்லி, மேசைமேல் அடுக்கியிருந்த எட்டு நோட்டையும் செல்லியம்மாள் எடுத்துக் கைப்பையில் போட்டாள். வார்டன் எழுந்து நின்றார். ஆனால் கையைப் பிடித்து இழுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மதியம் கண்ணாத்தாளின் ஊருக்குப் போகிற மோகனூர் பஸ்ஸில் இருந்தாள்.

கண்ணாத்தாளின் அப்பா அப்புசாமி, ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற குடியானவர். தோட்டத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார், மரியாதைக்குக் குறைவில்லை. உள்ளே கதவோரம் கண்ணாத்தாள் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஏனுங்க, புள்ளைக்குச் சீக்குன்னு தெரிஞ்சு கூட்டியாந்துட்டீங்களா?" என்று செல்லியம்மாள் கேட்டாள்.

"தெரிஞ்சா? பத்து வயசுலருந்து தெரியுமுங்க நர்சம்மா. சேலத்து டாக்டருகிட்ட நாந்தான கூட்டிட்டுப் போனேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஊருக்குத் தெரியாம எட்டுப் பத்து வருசம் காப்பாத்துனேனுங்க. இப்ப உங்க காலேஜுல நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்காங்களாம். லெட்டரத் தபால்காரன் எங்க பங்காளி ஊட்டுல குடுத்துட்டுப் போயிட்டான். அவங்க ஒடைச்சுப் படிச்சுட்டாங்க. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

செல்லியம்மாள் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். நல்லது செய்கிறேன் என்று ஒருத்தி தபால் போட்டாள். நல்லது செய்கிறேன் என்று தான் கோடு போட்டுக் கொடுத்தாள். இரண்டு நல்லதுக்கும் நடுவில் இந்தப் பிள்ளையின் படிப்பு நசுங்கிக் கிடந்தது.

"எழுத வெச்சது நானுங்க" என்றாள். "வார்டன் இல்ல. தப்பு என்னோடது."

அப்புசாமி அதை எதிர்பார்க்கவில்லை. அவள் ஷஹர்பானுவின் நோட்டை எடுத்து, கண்ணாத்தாளைப் பற்றிய இடத்தைத் திறந்து நீட்டினாள். அவர் பக்கத்தைப் புரட்டி, எழுத்துக்கூட்டி, உதடசைத்து வாசித்தார். வெகுநேரம் ஆயிற்று.

"இங்க என்னமோ போட்டிருக்குதே... 'இவளுக்கு வலிப்பைவிட, அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்ற பயம்தான் பெரிது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நானும் எழுந்து உட்கார்ந்தேன்.' இத எழுதுன புள்ள யாருங்க?"

"ரூமுல கூட இருக்கறவ. ஷஹர்பானு. சேலத்துல அவுங்கப்பா கரீம் பாஷா ஜவுளிக்கடை வெச்சிருக்காரு."

"ராத்திரியில எழுந்து கூட உக்காந்துச்சா?"

"ஆமாங்க."

"எங்க ஊட்டுல அப்பிடி ஒருத்தரும் உக்காந்ததில்லீங்க" என்று கதவோரத்திலிருந்து கண்ணாத்தாள் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தில் அழுகை இல்லை, சூடு இருந்தது. அப்புசாமி திரும்பிப் பார்த்தார். மகள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே களத்துப் பக்கம் போனார். வெல்லம் காய்ச்சுகிற அடுப்பில் தீ இருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பங்காளி வாய நான் பாத்துக்கறேன். அந்தப் புள்ளையோடயே ஒரே ரூமுல வெச்சா அனுப்பறேன். வேற யாரோடயும் வெக்கக் கூடாது."

வார்டன் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாத்தாள் விடுதியில் தங்க டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார். ஷஹர்பானுவுக்கு விடுதி விதியை மீறியதாக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். என்ன விதி என்று கேட்டால் சொல்லவில்லை. செல்லியம்மாள் வாதாடவில்லை. நர்ஸுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டில் தன் கட்டிலை வெளியே போட்டுவிட்டு, உள்ளே கண்ணாத்தாளுக்கும் ஷஹர்பானுவுக்கும் இரண்டு பாயை விரித்தாள். அடுத்த நாள் அவளுக்கும் ஒரு மெமோ வந்தது. அதை மடித்து மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்தாள். மற்ற ஏழு நோட்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள்.

மூன்றாவது பரீட்சை அன்று கண்ணாத்தாளுக்கு வலிப்பு வந்தது. பாதி வழியில், சாலையோரப் புளியமரத்தடியில். ஷஹர்பானு ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பார்த்தபடி உட்கார்ந்தாள். யாரோ சாவிக்கொத்தோடு ஓடிவந்தார்கள். "வெச்சுக்குங்கண்ணா, உங்க ஊட்டுப் பூட்டத் தொறக்க ஆவும்" என்று அனுப்பிவிட்டாள். இருவரும் கால் மணி நேரம் தாமதமாகப் பரீட்சை அறைக்குள் போனார்கள். கண்ணாத்தாள் இரண்டாம் வகுப்பில் தேறினாள்.

ஆகஸ்டில் ஆண்டறிக்கை அச்சானது. மாணவியரே மாணவியருக்கு ஆலோசனை வழங்கும் திட்டத்தை வார்டன் திறம்பட நடத்தினார் என்று நான்கு வரி இருந்தது. செல்லியம்மாள் பெயர் இல்லை. அதுபற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. பிரின்சிபால் கூப்பிட்டனுப்பி, இந்த வருடம் இருபது பேரைத் தயார் செய்யச் சொன்னபோதுதான் எரிந்தது.

"செய்யறேனுங்க. ஆனா நோட்டு, ரிஜிஸ்டர், கையெழுத்து ஒண்ணும் கெடையாது."

"அப்ப பல்கலைக்கழகத்துக்கு எத ஆதாரமா காட்டறது சிஸ்டர்? எத்தன பேருக்குப் பிரயோசனம்னு கேப்பாங்களே."

பதில் செல்லியம்மாளின் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு பெயர்தான். அந்தப் பெயரை இந்த அறையில் இன்னொரு தடவை யார் வாயிலும் விழ விடுவதாக இல்லை.

"ஆதாரம் இல்லீங்க" என்றாள். "வேணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு சிக்ரூமுல ஆளு காத்திருக்குது."