யாசீன் பாயும் செவ்வாயும்

முடிச்சூர் ரோட்டில் ஏசி மெக்கானிக் யாசீன் என்றால் தெரியும். கோபக்கார யாசீன் என்றால் இன்னும் சீக்கிரம் தெரியும். 2003 ஆகஸ்டில் அந்தக் கோபம் முழுக்க மேகத்தின் மேல் திரும்பியது.

செவ்வாய் கிரகம் அறுபதாயிரம் வருஷத்தில் இல்லாத அளவுக்குப் பூமியை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அதன் துருவத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும் பனியை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று, சின்னத் தொலைநோக்கி வாங்கி, பின்புறம் வெப்கேமராவைச் சொருகியிருந்தார். மாடியிலிருந்து வயர் படுக்கையறைக் கம்ப்யூட்டருக்கு இறங்கும். மேலே இவர் திருகுவார். கீழே மனைவி சித்திகா திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பதினேழு நாளாக, பொழுது சாய்ந்தால் மேகம். பாழாய்ப்போன மேகத்துக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா? லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, தொலைநோக்கியை ஏசி ஓடும் படுக்கையறையிலேயே வைத்திருந்தார். அதை யாரும் தொடக் கூடாது.

இருபத்தேழாம் தேதிதான் மிக நெருங்கும் நாள். அன்று பகலில் ஒரு ஸ்டுடியோவில் ஏசி ரிப்பேர். கல்யாணத்தில் படமெடுக்கக் கிளம்பிய சம்பந்தம் என்ற போட்டோகிராபரை நிறுத்தி வைத்து ஏசினார்.

"ஏசி ரூம்லேர்ந்து கேமராவ எடுத்துகினு போய் ஒடனே அமுக்குவியா? கண்ணாடி வேர்த்துக்கும். அரை மணி வெளிய வையி. இதுகூட தெரியாம இன்னா தொழில் பண்றே?"

ராத்திரி எட்டரைக்கு மேகம் விலகியது. கிழக்கே செவ்வாய் செக்கச்செவேலென்று நின்றது. யாசீன் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். பக்கத்து மாடியில் குழல்விளக்கு எரிந்தது.

"ஏகநாதண்ணா! மனுஷன் வயித்தெரிச்சல கொட்டிக்கவே லைட்டு போடுவீங்களா?"

ஏகநாதன் தம் நெல்வயலை மனை போட்டு விற்றவர். சண்டைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் விளக்கை அணைத்தார்.

"என்ன தெரியுது?" என்று கீழே பார்த்துக் கத்தினார் யாசீன்.

"மிட்டாய் கரைஞ்ச மாதிரி இருக்குங்க."

"ஒழுங்கா பாரு!"

"ஒழுங்காத்தான் பாக்கறேன். இப்ப அதுவும் மங்குது."

வயரைத் திட்டினார், கேமராவைத் திட்டினார், சித்திகாவின் கண்ணைத் திட்டினார். பொறுக்கமாட்டாமல் அவளே மேலே வந்து தொலைநோக்கியின் குழாயைத் தொட்டாள்.

"ஐயோ, ஐஸா இருக்கே."

யாசீன் டார்ச் அடித்துப் பார்த்தார். லென்ஸ் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. துடைத்தால் கீறல் விழும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அரை மணி. கால் மணியில் மேகம் மூடிக்கொண்டது. லென்ஸ் தெளிந்தபோது தூறல் விழுந்தது.

வாயில் வந்த வசவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. சம்பந்தம் இந்நேரம் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

பக்கத்து மாடி இருட்டிலிருந்து ஏகநாதனின் குரல் கேட்டது. "இன்னா பாய், படம் வந்துச்சா? லைட்டு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கங்கண்ணா," என்றார் யாசீன். "லைட்டு ஒண்ணும் பண்ல."