எந்த வரி?

என் மேசை லாச்சியில் ஒரு ரப்பர் சீல் கிடக்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதில் இரண்டே சொற்கள்: ‘எந்த வரி?’ நான் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இதையே சிவப்புப் பேனையால் எழுதுகிறேன் என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் கேலி பண்ணி, என் பிறந்தநாளுக்கு டவுனில் கொடுத்துச் செய்வித்த சீல் அது. கேலிக்குத்தான் கொடுத்தார்கள். நான் அதை மெய்யாகவே பாவிக்கத் தொடங்கியதும் அவர்களுடைய சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சீலை எடுத்தால் எனக்கு நினைவு வருவது ஒரே ஒருவருடைய தாள்கள்தான். அவரை நாங்கள் ஊர்ப் பெயரால் தெல்தோட்டை அக்கா என்போம்.

எங்கள் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்களே நம்புவதில்லை. கண்டியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, சீனாவில் ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி எழுதுகிறோம். ஒரு சின்னக் கதை, அதன் கீழே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுவதால் காலை ஆறு மணிக்கே கதிரையில் இருக்க வேண்டும். எனக்கு மஹய்யாவையிலிருந்து நடை தூரம். அக்காவுக்கு அப்படியில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து, கலஹா வளைவுகள் எல்லாம் ஆடி, பேராதனையில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி வந்து சேர்வார். காதைச் சுற்றிக் கட்டிய துவாயை அவிழ்த்துக்கொண்டே படியேறுவார். எழுதுவது அவர் வேலை. அதைச் சரிபார்ப்பது என் வேலை. வயதில் நான் பத்து வருடம் இளையவள், வேலையில் மூத்தவள். இந்தத் தலைகீழே ஒரு தலையிடி.

சரிபார்ப்பதற்கு ஒரு விதி உண்டு. விடை கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று எழுதுகிறவர் பக்கத்தில் இலக்கம் போட வேண்டும். அக்காவுக்கு மட்டும் இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏறவே ஏறாது. முதல் வாரமே ஒரு கதை எழுதினார். லின் என்ற சிறுமி மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். போகுமுன் சவுக்காரத் துண்டைக் காலில் தேய்க்கிறாள். ஏன் தேய்த்தாள் என்பது கேள்வி. அட்டை கடிக்காமல் இருக்க என்பது விடை. கதையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஓர் அட்டைகூட விழாது. பெயர் மட்டும்தான் சீனா. நடக்கிற கால் தெல்தோட்டைக் கால். நான் சீலைக் குத்திக் கொடுத்தேன். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மழைன்னு எழுதியிருக்கேனே தங்கச்சி. மழைன்னா அட்டை வரும்தானே?”

“அங்க டவுன்ல வராது அக்கா.”

“அட்டை இல்லாத மழையா?” என்று அவர் கேட்ட விதத்தில், ஏதோ அந்தப் பிள்ளைகளை நான்தான் வஞ்சித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்தது பஸ் கதை. ஒரு பெண் நெரிசலில் நிற்கிறாள். தன் பையை முன்பின் தெரியாத ஒருத்தியின் மடியில் வைக்கிறாள். ஏன் கொடுத்தாள்? நின்றுகொண்டு வருகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நமக்குப் பழக்கம். கண்டி பஸ்ஸில் ஏறிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீனாவில் இருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பையைக் களவெடுக்கப் போகிறாள் என்று நினைத்தாலும் நினைக்கும். மறுபடியும் சீல். “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே தங்கச்சி” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதத்தானே அக்கா உங்களுக்கு இந்த வேலை என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. இரண்டு வரி சேர்த்துத் திருத்தித் தந்தார், நன்றாகத்தான் திருத்துவார். ஆனால் திருத்தினாலும் திரும்பியது திரும்பியதுதான். கணக்கில் ஒரு புள்ளி ஏறிவிடும்.

அந்தக் கணக்குத்தான் அவர் கழுத்தில் தொங்கியது. புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று மாதம் பரீட்சைக் காலம். அந்தக் காலத்தில் கொடுக்கிற இருபது கதைகளில் ஆறு திரும்பினால் நிரந்தரம் கிடையாது. அக்காவின் மகளுக்கு அப்போதுதான் டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடியுமுன்னே தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை அந்தப் பிள்ளை எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குச் செய்யும், சில நாள் கொப்பியின் மேலேயே தூங்கிவிடும். நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தால் மஹய்யாவையில் ஓர் அறை எடுத்துவிடலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓர் அறை காலியாக இருந்ததைச் சொன்னதே நான்தான். ஆகவே ஒவ்வொரு தடவை சீலைக் குத்தும்போதும், கொஞ்சம் பார்த்து எழுதக்கூடாதா என்று அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. என்மேல் வரவில்லை.

பதினெட்டாவது கதை வந்தபோது ஐந்து திரும்பியிருந்தன. அதை நான் பயந்துகொண்டே வாசித்தேன். தூரத்திலிருந்து ஒரு மாமா வீட்டுக்கு வருகிறார். சாப்பிடுங்கள் என்று சிறுமி தட்டு வைக்கிறாள். வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்கிறார் மாமா. அவள் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். குசினியில் அடுப்பருகே நிற்கிற அம்மா அவளை முறைக்கிறாள். அம்மாவுக்கு ஏன் கோபம்? தட்டு உடைந்ததா, சோறு முடிந்துவிட்டதா, பிள்ளை வணக்கம் சொல்லவில்லையா, மாமா பசியோடு இருக்கிறாரா? விடை, மாமா பசியோடு இருக்கிறார்.

எனக்கு விடை தெரியாமல் இல்லை. நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான். எங்கள் வீடுகளில் வந்தவரை மூன்று தடவை கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பார். இரண்டாம் தடவை இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். மூன்றாம் தடவை கேட்டால் பேசாமல் கை கழுவ எழுந்து போவார். ஒரு தடவை கேட்டுவிட்டுத் தட்டை எடுக்கிற பிள்ளைக்கு எங்கள் அம்மாவும் முறைப்பைத்தான் பரிசாகத் தருவார். ஆனால் கதையில் மாமா சாப்பிட்டேன் என்றல்லவா சொல்கிறார்? பசி என்று எந்த வரியில் இருக்கிறது? அக்காவைக் கூப்பிட்டேன். மாமாவின் வயிறு சத்தம் போட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், திரும்பியதாகக் கணக்கில் போடாமல் விட்டுவிடுகிறேன் என்று மெல்லச் சொன்னேன். அந்த விதியை நான் வளைக்கப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா தாளைத் திரும்ப என் பக்கமே தள்ளினார். “வேணாம் தங்கச்சி” என்றார்.

“ஏன் வேணாம்?”

“அத எழுதிட்டா மாமா மானம் போயிரும்.”

கடவுளே. காகிதத்தில் இருக்கிற மாமா. இல்லாத மாமா. அவருடைய மானத்துக்காகச் சொந்த மகளின் அறையைத் தூக்கிக் கொடுக்க நிற்கிறார் இந்த மனுசி. சவுக்காரத்துக்கு மசிந்தவர், பைக்கு மசிந்தவர், இதற்கு மட்டும் மசியவில்லை. “அந்தப் பிள்ளைகளுக்கு வெளங்கும் தங்கச்சி. விட்டுப் பாருங்களேன்” என்றார். எனக்கு வெறுத்துப் போய்விட்டது. உங்கள் இஷ்டம் அக்கா என்று சொல்லிவிட்டு, சீலை எடுத்துக் குத்தினேன். கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். அது ஆறாவது.

மாத முடிவில் மெனேஜர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்கா தன் கோப்பையைக் கழுவி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் தலை நிமிரவில்லை. “நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க தங்கச்சி. எனக்கு வேற எடத்துல வேல சரி வந்திருச்சு” என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. “நல்லதாப் போச்சு அக்கா” என்றேன். எங்கே, என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் சீனாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நாங்கள் அனுப்பியவற்றை ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கோப்புகளை அனுப்பியவள் நான். அவசரத்தில், திரும்பிய கதை ஒன்றும் கூடப் போயிருக்கிறது. அது மாமா கதைதான். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். வாசித்தால், அந்தக் கேள்விக்கு வகுப்பு முழுவதும் சரி. ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. கதையை வாசித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள், தங்கள் வீட்டுக்கு வருகிற மாமாக்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள், நிறுத்தவே முடியவில்லை, இப்படி இன்னும் அனுப்புங்கள் என்று அந்த ஆசிரியை எழுதியிருந்தார். அட்டை விஷயத்தில் நான் சொன்னது சரி. பை விஷயத்திலும் சரி. ஐந்து தடவை நான் சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எது எல்லாருக்கும் தெரியும், எது நமக்கு மட்டும் தெரியும் என்று அக்கா ஐந்து தடவை பிழைவிட்டார். ஆறாவது தடவை பிழைவிட்டது நான்.

அன்றைக்கே அவருக்கு போன் எடுத்தேன். “என்ன தங்கச்சி, சொகமா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா?” என்று என் வீட்டு நலம் எல்லாம் கேட்டு முடித்தார். புது வேலை எப்படி அக்கா என்றேன். “நல்லாத்தான் போகுது” என்றார். முன்பென்றால் அதோடு போனை வைத்திருப்பேன். அவர் இங்கே இருந்தபோது தினமும் காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். வரும்போதே சாப்பிட்டேன் என்பார். நான் என் பாணை எடுத்துத் தின்பேன். முதல் பஸ்ஸுக்கு எழும்புகிறவர் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டிச் சாப்பிட்டிருப்பார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இந்தத் தடவை போனை வைக்காமல் மறுபடியும் கேட்டேன். நிசமாகவே வேலை இருக்கிறதா அக்கா? “இருக்கு தங்கச்சி, இருக்கு.” மூன்றாம் தடவையும் கேட்டேன். பின்னால் எங்கோ கோழி கொக்கரிப்பது கேட்டது.

“வேல ஒண்ணும் சரி வரல தங்கச்சி” என்றார். “அன்னைக்கும் ஒண்ணும் இருக்கல. நீங்க தலைய குனிஞ்சிக்கிட்டு இருந்தீங்க. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சி.” மகள் இப்போதும் அதே பஸ்தானாம். அதில் தனியாக வருகிறாளாம்.

மறுநாள் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு மெனேஜரிடம் போனேன். அந்த ஆறாவதை நான் திருப்பியது பிழை, அதை எடுத்துவிட்டால் கணக்கு ஐந்துதான், அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர். கதையை எடுத்துப் பொறுமையாக இரண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சரி, மாமாக்குப் பசின்னு எந்த வரியில இருக்கு? நீங்கதானே எங்களுக்கு இத பழக்கினது” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடினார். தாளின் மேல் மூலையில் நான் அழுத்திக் குத்திய ஊதாச் சீலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. என்னால் எந்த வரியையும் காட்ட முடியவில்லை. பார்ப்போம் என்றார். போன கிழமை மறுபடியும் போய்க் கேட்டேன். அந்த இடத்துக்கு இப்போது ஆள் தேவையில்லை என்றார்.

சீல் இப்போதும் லாச்சியில்தான் கிடக்கிறது. அட்டைக் கதை மாதிரி ஒன்று வந்தால் அதை எடுக்க வேண்டித்தான் இருக்கிறது. மஹய்யாவையில் அந்த அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மெனேஜரிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று. நாளைக்கு மூன்றாம் தடவை.